காய்கறியைத் தொடாத ஐந்து வயது மகளுக்கு ஸ்மூத்தி கொடுப்பது சரியான வழியா?

மலைச்சாரல் (கோத்தகிரி), ஆகஸ்ட் 11

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவள் சாப்பிடுகிறவற்றை எண்ணுவதற்கு இரு கைகளின் விரல்கள் போதும். தயிர்ச்சோறு, ஓரம் முறுகாத தோசை, தெளிவு ரசம் ஊற்றிய சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பால், பால் சேர்த்த தேநீர், அதில் தோய்த்த பிஸ்கட், எப்போதாவது முட்டையின் வெள்ளைக்கரு. எங்கள் வீட்டுப் பின்புறம் நின்று பார்த்தால் சரிவு முழுவதும் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும்தான். மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போகிற காயை எங்கள் வீட்டுப் பிள்ளை விரலால் கூடத் தொடுவதில்லை.

சென்ற மாதம் இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. மருத்துவர் இரும்புச்சத்து சிரப்பும் பூச்சி மாத்திரையும் கொடுத்துவிட்டு, உணவை மாற்றுங்கள் என்றார். எப்படி மாற்றுவது என்று கேட்பதற்குள் அடுத்த குழந்தை உள்ளே வந்துவிட்டது.

ஸ்மூத்தியில் எதையும் மறைத்துக் கொடுத்துவிடலாம் என்று படித்துவிட்டு, வாழைப்பழப் பாலில் ஒரு கைப்பிடி பாலக்கீரையைப் போட்டு அரைத்து, நிறம் தெரியாமல் இருக்க மூடி போட்ட குவளையில் கொடுத்தேன். பாதி வரை குடித்தாள். பிறகு கீரையின் நார் ஒன்று உறிஞ்சுகுழாயில் சிக்கியது. மூடியைத் திறந்து பார்த்தவள் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அன்றிலிருந்து வாழைப்பழமும் போயிற்று. இப்போது தயிர்ச்சோற்றையே ஸ்பூனால் கிளறி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் வைக்கிறாள்.

ஸ்மூத்தியையே விட்டுவிட வேண்டுமா, அல்லது நான் செய்த முறைதான் தவறா? அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செவிலியம்மா (உதகை), ஆகஸ்ட் 11

மகளே, முதலில் கலங்காதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஸ்மூத்திக்கு முன்பாக வேறு இரண்டைச் சொல்ல விரும்புகிறேன்.

தங்கள் பட்டியலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது, காய்கறி இல்லாததைவிட, தேநீர் இருப்பதுதான். நம் மலையில் தொட்டிலை விட்டு இறங்கியதும் குழந்தைக்குத் தேநீர் டம்ளர் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. எஸ்டேட் குடியிருப்புகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் அதை ஒரு குற்றமாக யாரும் நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், தானியத்திலும் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். பள்ளிக்குக் கிளம்பும் முன் தோசையோடு தேநீர் குடிக்கிற குழந்தைக்கு, அந்தத் தோசையில் இருக்கும் சிறிதளவு இரும்பும் முழுதாகக் கிடைப்பதில்லை. சிரப்பையும் அதே நேரத்தில் கொடுத்தால் அதற்கும் அதே கதிதான். பாலும் அளவுக்கு மிஞ்சினால் இப்படியே. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற சிறு குழந்தைகளுக்கு வயிறு நிறைந்து மற்ற உணவு குறைவதும், அதன் வழியே இரத்தசோகை வருவதும் நான் மீண்டும் மீண்டும் பார்த்தது. தங்கள் மகள் எத்தனை டம்ளர் பால் குடிக்கிறாள் என்று தாங்கள் எழுதவில்லை.

இரண்டாவது செய்தி பலருக்கும் தெரியாதது. உயரம் கூடக் கூட ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால், மலையில் வாழ்பவர்களின் உடல் தானாகவே ஹீமோகுளோபினைச் சற்று அதிகமாக உருவாக்கிக்கொள்ளும். ஆகவே மலையில் எடுத்த அளவிலிருந்து உயரத்துக்கு ஏற்ப ஒரு பகுதியைக் கழித்துத்தான் இரத்தசோகையைக் கணிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து வயது முதல் பதினொரு வயது வரை சமவெளியில் 11.5-க்குக் கீழே போனாலே சோகை என்று கணக்கு. கோத்தகிரியில் 10.4 என்பது கோயம்புத்தூரில் எடுத்த 10.4-ஐவிடச் சற்று மோசமானது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்மூத்தி வந்துவிட்டது என்று சிரப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மறைத்துக் கொடுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தங்கள் மகளே அந்தப் பார்வையில் சொல்லிவிட்டாள்.

தோட்டக்காரன் (தாண்டிக்குடி), ஆகஸ்ட் 12

நான் பழனி மலையின் கீழ்ப்பகுதியில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். மருத்துவம் தெரியாது, பழம் தெரியும். என் பேரனும் இப்படிப்பட்டவன்தான் என்பதால் எழுதுகிறேன்.

கடையில் கிடைக்கும் ரொபஸ்டா வாழைப்பழத்தை அரைத்தால் கொழகொழவென்று வரும். பல குழந்தைகளுக்கு அந்தப் பதமே பிடிக்காது. மலைவாழைப்பழம், அதாவது விருப்பாச்சி, கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். அதில் ஈரப்பதம் குறைவு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை கெட்டியாகவே இருக்கும். பழனி பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமல் அத்தனை நாள் கெடாமல் இருப்பதற்கு இந்தப் பழமும் ஒரு காரணம். பாதிப் பழம் போட்டாலே சர்க்கரையும் தேனும் இல்லாமல் இனிப்பும் மணமும் வந்துவிடும். முடிக்கொத்து நோய் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் தோட்டங்கள் மிகவும் சுருங்கிவிட்டன. அதனால் விலை கூடுதலாகத்தான் இருக்கும். கிலோக் கணக்கில் வாங்க வேண்டாம், சீப்பில் நான்கு பழம் போதும்.

இன்னொன்று பட்டர் ஃப்ரூட். காப்பிக்கு நிழலாக நிற்கிற மரம் இது; எங்களுக்கு அருகில் உள்ள தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதில் டி.கே.டி. 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. ஆடி, ஆவணியில் இங்கே நிறைய வரும். பறித்த அன்று கல்லாக இருக்கும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் நான்கைந்து நாளில் காம்புப் பக்கம் விரலுக்கு லேசாக அமுங்கும், அதுதான் பதம். அதற்குத் தனியாகப் பெரிய சுவை கிடையாது என்பதே தங்களுக்கு உதவி. எதோடு சேர்த்தாலும் அதன் சுவையை ஏற்றுக்கொண்டு வெண்ணெய் போலக் குழையும். ஆனால் இதைச் சூடாக்கவே கூடாது, கசந்துவிடும். பழுத்த பப்பாளியையோ அன்னாசியையோ பாலோடு அரைத்து வைத்துவிட்டாலும் சிறிது நேரத்தில் கசப்பு ஏறும். அந்தப் பழங்களில் உள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதுதான் காரணம். ஒரு முறை கசந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் அந்த டம்ளரைக்கூட மறக்க மாட்டார்கள்.

தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) தங்கள் பக்கத்து வேலிகளிலேயே இருக்கும். மிக்சியில் இரண்டு சுற்றுக்கு மேல் விடாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். விதை நொறுங்கினால் மணல் போல நாக்கில் படும்.

கூடலூரான், ஆகஸ்ட் 12

மன்னிக்கவும், எனக்கு ஒன்று புரியவில்லை. என் பாட்டி முந்தைய இரவே கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்து, காலையில் கூழ் காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைத்து, உப்புப் போட்டு ஒரு செம்பில் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டுத்தான் நாங்கள் மூன்று மைல் நடந்து பள்ளிக்குப் போனோம். அதையே கண்ணாடி டம்ளரில் ஊற்றி, உறிஞ்சுகுழாய் ஒன்றைச் சொருகினால் ஸ்மூத்தி ஆகிவிடுகிறதா? ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பிளெண்டர்களை விற்பதற்காக வந்த பெயர் என்பதே என் எண்ணம். பிள்ளைக்குப் பசி வந்தால் தானாகச் சாப்பிடும். இரண்டு நாள் பிஸ்கட்டை நிறுத்திப் பாருங்கள்.

உணவியலாளர் (கோயம்புத்தூர்), ஆகஸ்ட் 13

கூடலூர் நண்பர் சொன்னதில் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ் எந்த விதத்திலும் ஸ்மூத்திக்குக் குறைந்ததன்று. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் அதன் அருகில் வராது. இரவு முழுவதும் புளிக்கவிடுவதால், சத்துகளைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் குறையும்; முளைகட்டினாலும் அதே பயன். பாட்டி அறிவியல் படிக்காமலேயே சரியாகச் செய்தார்.

இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை. பசித்தால் தின்னும் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தும். ஆனால் ஏற்கெனவே இரத்தசோகை உள்ள, ஏமாற்றப்பட்டதாக உணர்கிற ஒரு குழந்தையிடம் அதைச் சோதனை செய்து பார்ப்பது முறையன்று. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது வளர்ச்சியின் ஒரு கட்டம். ஒரு புதிய சுவையை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கும். நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது முறையிலேயே, 'இவளுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மறைத்துக் கொடுக்கும்போது இந்தச் சந்திப்பே நிகழ்வதில்லை என்பதுதான் அதிலுள்ள பெரிய இழப்பு. கீரை உடலுக்குள் போகும். கீரையோடு பழக்கம் ஏற்படாது.

இப்போது தாயாரின் கேள்விக்கு வருகிறேன். ஸ்மூத்தி கொடுக்கலாம். அளவு முக்கியம். பழம் அரைபடும்போது அதன் செல்கள் உடைந்து உள்ளே இருந்த சர்க்கரை வெளிப்படுவதால், பிரிட்டனில் ஸ்மூத்தியின் சர்க்கரையையும் பழச்சாற்றின் சர்க்கரையைப் போலவே கணக்கிடுகிறார்கள். இரண்டும் சேர்த்து நாளொன்றுக்கு 150 மில்லியைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள அறிவுரை. வீட்டில் இருக்கும் சிறிய காப்பி டம்ளர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் உயரமான கோப்பை ஒரு வேளைச் சோற்றுக்கான பசியை அடைத்துவிடும்.

என் அனுபவத்தில் எல்லாச் சத்தையும் ஒரே டம்ளரில் அடைக்க நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பால், தயிர், கேழ்வரகு போன்ற கால்சியப் பொருள்கள் இரும்பு உறிஞ்சப்படுவதற்கு இடையூறு செய்பவை. ஆகவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்து, இரண்டையும் 75 மில்லி அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கேரட். பச்சையாக வேண்டாம், வேகவைத்து, உடன் சிறிது கொழுப்பும் இருந்தால்தான் அதிலுள்ள பீட்டா கரோட்டின் நன்றாக உறிஞ்சப்படும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். உதகையில் ஏறத்தாழ 93 டிகிரிதான். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மசியாமல் நரநரவென்று நிற்கும். குக்கரில் மூன்று விசில் விடுங்கள். அரைக் கேரட், கால் மலைவாழைப்பழம், தோட்டக்காரர் ஐயா சொன்ன பட்டர் ஃப்ரூட் ஒரு மேசைக்கரண்டி, தயிர் இரண்டு மேசைக்கரண்டி. இவ்வளவுதான். சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் வேண்டியதில்லை. குறும்பர் பழங்குடியினர் எடுத்துவரும் மலைத்தேன் வீட்டில் இருக்கிறதே என்று தோன்றும். தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குத் தேன் துளியும் ஆகாது.

மாலையில் கொய்யா. 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தைப் போலப் பல மடங்கு. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அது துணைசெய்யும். கால் கொய்யா, சிறிது வாழைப்பழம், இரண்டு தேக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, தண்ணீர். அரைத்து விதையை வடித்துவிடுங்கள். பால் சேர்க்கக் கூடாது. மருத்துவர் கொடுத்த சிரப்பை இந்த நேரத்தில் கொடுக்கலாமா என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொட்டுக்கடலையில் கிடைக்கிற இரும்பு ஒரு மில்லிகிராமைத் தாண்டாது. நான்கு முதல் ஆறு வயது வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஸ்மூத்தி சோகையைக் குணப்படுத்தாது. இரவுச் சோற்றுக்கு ஒரு வாசலைத் திறந்துவைக்கும்.

மலைச்சாரல், ஆகஸ்ட் 13

இத்தனை அக்கறையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலியம்மா கேட்டதற்குப் பதில்: நேற்று முழுவதும் அளந்து பார்த்தேன். பால் மூன்று டம்ளர், தேநீர் இரண்டு. எல்லாம் சேர்த்து 700 மில்லிக்கு மேல் போகிறது. சாப்பிடாத பிள்ளை பாலாவது குடிக்கட்டும் என்று நானே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழத்தை அரைத்துக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் உறுதியாக நம்புகிறார். இந்த ஊர்க் குளிரில் அவரை எதிர்த்துப் பேசவும் எனக்குத் தெம்பில்லை.

செவிலியம்மா, ஆகஸ்ட் 14

சளியைக் கொண்டுவருவது வைரஸ், பழமன்று. ஆயினும் பனிக்காலத்தில் சில்லென்ற ஒன்றைத் தொண்டைக்குள் இறக்க யாருக்குத்தான் மனம் வரும்? மாமியாரோடு வாதிட வேண்டாம். கேரட்டைக் குக்கரிலிருந்து எடுத்து, கொதி அடங்கியதும், அந்த வெந்த நீரையும் ஊற்றி முதலில் அரைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு வாழைப்பழம், தயிர், கடைசியில் பட்டர் ஃப்ரூட் என்று சேர்த்தால் கசக்காது, டம்ளரைப் பிடித்தால் கைக்கும் இதமாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், கவனம். மாமியாரிடம் இதைக் கேரட் கஞ்சி என்று சொல்லுங்கள். பொய்யும் அன்று.

தேநீரை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பிறகு தேயிலைச் சாற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பல்வரிசை (குன்னூர்), ஆகஸ்ட் 14

பல் மருத்துவராகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்மூத்தியை உறிஞ்சுகுழாய் வைத்த குவளையில் ஊற்றி, தொலைக்காட்சி முன்னால் அரை மணி நேரம் கையில் கொடுத்துவிடாதீர்கள். பழத்தின் அமிலமும் சர்க்கரையும் பல்லில் தங்குகிற நேரம்தான் சொத்தையைத் தீர்மானிக்கிறது. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிக்கட்டும். இரவு பல் துலக்கிய பிறகு கூடவே கூடாது.

இன்னொன்று, மெல்லுவதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. ஐந்து வயதில் எல்லாவற்றையும் வழவழவென்று அரைத்துக் கொடுத்தால் தாடைக்கு வேலை இருக்காது. பிறகு காயின் நாரைக் கண்டாலே துப்புவார்கள்.

பனிமூட்டம் (கொடைக்கானல்), ஆகஸ்ட் 16

என் மகனுடைய கதை வேறு. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது உதவலாம். அவனுக்கு ஏழு வயது. பிடிவாதம் என்றுதான் நாங்கள் நான்கு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் ஒதுக்கிய உணவுகள் திரும்பி வரவே இல்லை; பட்டியல் மாதா மாதம் சுருங்கியது. புதிய ஒன்றைத் தட்டில் வைத்தாலே குமட்டினான். எடை ஒரு வருடம் ஏறவில்லை. கடைசியில் மதுரையில் குழந்தை மனநல மருத்துவர் ஒருவர், உணவைத் தவிர்த்து ஒடுக்கிக்கொள்ளும் இந்தக் கோளாறுக்கு 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலிலேயே தனிப் பெயர் இருக்கிறது என்று விளக்கி, வாய்ப் பயிற்சியும் நடத்தைச் சிகிச்சையும் தொடங்கினார். எடை நின்றுபோவது, குமட்டல், சாப்பிடும் பொருள்கள் குறைந்துகொண்டே போவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மிக்சியை எடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். ஸ்மூத்தி செய்து செய்து நாங்கள் ஒன்றரை ஆண்டுகளை வீணாக்கினோம்.

மலைச்சாரல், ஆகஸ்ட் 16

எழுதியதற்கு நன்றி சகோதரி. படித்ததும் உடனே எடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இவளுக்கு எடை ஏறிக்கொண்டுதான் வருகிறது, குமட்டலும் இல்லை. தங்கள் மகன் நலம் பெற வேண்டுகிறேன்.

மலைச்சாரல், செப்டம்பர் 5

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதல் நாள் மிக்சியை அடுப்படி மேடையிலிருந்து இறக்கித் தரையில் பாய் போட்டு வைத்தேன். ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, 'நீ போடு, நீயே மூடு, நீயே திருகு' என்றேன். அவள் நெடுநேரம் கிண்ணங்களையே பார்த்தாள். வாழைப்பழத்தைப் போட்டாள், தயிரை ஊற்றினாள், கேரட்டில் ஒரே ஒரு துண்டை, சுண்டுவிரல் நகத்தளவு, எடுத்துப் போட்டாள். மீதிக் கேரட் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. குமிழைத் திருகிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். குடித்தது இரண்டு வாய்தான்.

நான்காம் நாள் மூன்று துண்டு. பத்தாம் நாள் நிறம் வெளிறிய ஆரஞ்சாக மாறியது. அதை அவளே கவனித்துத் தன் சீருடைப் பட்டையின் நிறம் என்றாள். இப்போது அரைக் கேரட் போகிறது. கொய்யா மட்டும் இன்னும் வேண்டாமாம். ஊட்டி பேரிக்காய் வந்திருப்பதால் மாலையில் அதை அரைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுக்கிறேன்.

பால் இரண்டு டம்ளராகக் குறைந்திருக்கிறது. தேநீர் விடுமுறை நாளில் மட்டும்.

நடுவில் ஒரு நாள் பெரிய கலவரமே நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்த பீட்ரூட்டை அவளே ஆசைப்பட்டு ஜாரில் போட்டாள். நிறத்துக்காகவே முழு டம்ளரும் குடித்தாள். மறுநாள் காலை குளியலறையிலிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் நான் கையிலிருந்த தோசைக் கரண்டியோடு ஓடினேன். சிறுநீர் இளஞ்சிவப்பு. மருத்துவமனைக்குக் கிளம்பச் செருப்புப் போட்டபோதுதான் முந்தைய நாள் டம்ளர் நினைவுக்கு வந்தது.

செவிலியம்மா, செப்டம்பர் 5

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் தின்ற சிலருக்கு அப்படித்தான் போகும். அதன் நிறமி முழுவதும் சிதையாமல் வெளியேறுகிறது. இரும்புச்சத்து சிரப் குடிக்கும் நாள்களில் மலம் கறுத்திருப்பதும் இயல்பே. ஆனால் பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவப்பு தெரிந்தால் செருப்பைக் கழற்றாமல் கிளம்பிவிடுங்கள்.

கூடலூரான், செப்டம்பர் 6

மிக்சியைத் தரையில் இறக்கி வைத்தது நல்ல யோசனை. நான் முன்பு எழுதியதில் கொஞ்சம் கடுமை இருந்தது. எங்கள் வீட்டுக் கூழையும் பாட்டி ஒருநாளும் எங்களுக்குக் கட்டாயப்படுத்தி ஊட்டவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. செம்பு திண்ணையில் இருக்கும், எடுத்தவர் குடிக்கலாம். என் மனைவி சொல்வது: காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் ஒரு கரண்டியை ஆற வைத்து ஜாரில் சேர்த்தால், தயிர் குறைவாகப் போட்டாலும் கெட்டியாக வருமாம்.

உணவியலாளர், செப்டம்பர் 6

ஒரே ஒரு யோசனை. இனி மிக்சியைச் சற்று முன்னதாகவே நிறுத்தத் தொடங்குங்கள். வழவழப்பாக இருந்ததை, அடுத்த வாரம் ரவை போன்ற பதத்துக்கும், அதற்கடுத்து சிறு துணுக்குகள் நாவில் படும் பதத்துக்கும் கொண்டுபோகலாம். பல் மருத்துவர் சொன்ன மெல்லும் பழக்கத்துக்கு இது படிக்கட்டு. ஸ்பூன் கொடுங்கள், உறிஞ்சுகுழாயை எடுத்துவிடுங்கள். எத்தனை எண்ணும் வரை ஓட்டுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடுகிறாள் என்றீர்கள். இரும்பு இருப்பது மஞ்சள் கருவில்தான். சத்துக்காக என்று பச்சை முட்டையை ஸ்மூத்தியில் உடைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கிருமித் தொற்று வரும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. வெந்த மஞ்சள் கருவைத் தனியாகத் தட்டின் ஓரத்தில் வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள்.

தோட்டக்காரன், அக்டோபர் 20

இந்த இழை அப்படியே நிற்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். குழந்தை எப்படி இருக்கிறாள்? பட்டர் ஃப்ரூட் வரத்து இங்கே குறைந்துவிட்டது. அது கிடைக்காவிட்டால் வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு தேக்கரண்டி போடலாம். கொழுப்பும் புரதமும் சேரும். முழுக் கடலையாக மட்டும் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், புரையேறினால் ஆபத்து.

மலைச்சாரல், நவம்பர் 17

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐப்பசி மழையில் எங்கள் பகுதியில் மரம் விழுந்து நான்கு நாள் மின்சாரமும் இணையமும் இல்லை.

சென்ற வாரம் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள், 11.6. சிரப்பை இன்னும் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். இதில் பெரும்பங்கு சிரப்புக்கும், தேநீரை நிறுத்தியதற்கும்தான் என்று மருத்துவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கொய்யா இன்னும் வேண்டாம் என்கிறாள். மஞ்சள் கரு மூன்று வாரம் தட்டின் ஓரத்தில் கிடந்து, ஒருநாள் காலில்லாமல் காணாமல் போயிற்று. நாய்க்குப் போட்டாளா, தானே தின்றாளா என்று நான் கேட்கவில்லை. மிக்சியை இப்போது பன்னிரண்டு எண்ணும் வரைதான் ஓட்டுகிறாள். முன்பு நாற்பது.

மின்சாரம் இல்லாத முதல் நாள் காலை வழக்கம்போலப் பாயை விரித்து, கிண்ணங்களை எடுத்து வைத்து, ஜாரில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுக் குமிழைத் திருகினாள். ஓடவில்லை. இரண்டு முறை திருகிப் பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்பைப் பார்த்தபடியே, 'கரண்ட் வந்ததும் ஓட்டலாம் கண்ணு' என்றேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது மூடியைத் திறந்து, ஸ்பூனால் ஜாருக்குள்ளிருந்தே தயிர் தோய்ந்த கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். வாழைப்பழமும் போயிற்று. அடியில் பட்டர் ஃப்ரூட் மட்டும் மிச்சம் இருந்தது. அதை உப்புப் போட்டு நான் சாப்பிட்டேன்.